குடுன்னா குடுக்கணும்

பேப்பரை மடிக்காதீங்க தம்பி, ஒரு நிமிஷம். அந்த எட்டாம் பக்கத்தைத் திருப்புங்க. ஆங், அதுதான். கழுத்துல மாலையோட ஒரு வெள்ளைக்காரர் நிக்கிறாரு, சுத்தி பிள்ளைங்க. அவருக்கு இடது பக்கம் ஒரு காது தெரியுதா? காதும் கொஞ்சம் மூக்குக் கண்ணாடியும்? அது நான்தான்.

போட்டோ எடுக்கறப்ப முழுசாத்தான் நின்னேன். நல்லா சிரிச்சுட்டு, வேட்டி சட்டையோட நின்னேன். பேப்பர்காரங்க இடம் பத்தலன்னு ஓரத்தை வெட்டிட்டாங்க. வெட்டினா என்னைத்தானே வெட்டுவாங்க? அவனை வெட்ட முடியுமா? பொறாமைன்னு நெனச்சுக்காதீங்க, சும்மா சொல்றேன்.

சென்னை வரைக்கும்தானே போறீங்க? நானும் அங்கதான். சாயங்காலம் அவனுக்கு அங்க ஒரு பாராட்டு விழா. அவன் போற காருல எடம் இருந்துச்சு. என் பொஞ்சாதி பிலோமின் அந்தக் காருலதான் போயிருக்கா, முன் சீட்டுல. நான் பஸ்ல வரேன்னுட்டேன். எனக்குக் காரு ஏசி ஒத்துக்காது. இந்த பஸ்லயும் ஏசிதான், அது வேற.

அவன் பேரு லூசியேன். பிரான்ஸ்ல தெற்க, கார்க்கசோன் பக்கத்துல ஒரு சின்ன ஊரு, திராட்சைத் தோட்டமா இருக்கும். எங்கப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவங்களைப் பாண்டிச்சேரில அப்படித்தான் சொல்லுவோம். ரிட்டயர் ஆகி அந்த ஊர்ல குடியேறிட்டாரு. நான் அங்கதான் வளந்தேன், லூசியேன் பக்கத்துத் தெரு. ஒரே ஸ்கூலு, ஒரே டீமு. என் பேரு சவுரிநாதன். அவனுங்க வாயில சவுரின்னு வராது. 'சூரி'ன்னான் லூசியேன், ஊரே அதைப் புடிச்சுக்கிச்சு. சூரின்னா அவங்க பாஷைல என்ன தெரியுமா? எலி. அவன் பேரு பேப்பர்ல வந்தப்பல்லாம் சிங்கம்னு போட்டாங்க. நான் எலி.

ரக்பி தெரியுமில்ல, முட்டை மாதிரிப் பந்து. அதுல ரெண்டு சாதி. பதினஞ்சு பேர் ஆடுறது ஒண்ணு, பதிமூணு பேர் ஆடுறது ஒண்ணு. நாங்க பதிமூணு. ஏழை ஊர்ங்கள்ல ஆடுற ஆட்டம். யுத்த காலத்துல அந்த நாட்டு அரசாங்கமே எங்க ஆட்டத்தைத் தடை பண்ணி சொத்தையெல்லாம் எடுத்துக்கிச்சு. யுத்தம் முடிஞ்சும் ரொம்ப காலம் ரக்பிங்கற பேரை வெச்சுக்கவே வுடல. 'பதிமூணு ஆட்டம்'னுதான் போர்டு எழுதணும். பேரைப் பறிகொடுத்தவங்க ஆட்டம் தம்பி அது. எனக்குப் பொருத்தமா அமைஞ்சுது.

சட்டம் சுலபம். பந்தை முன்னால இருக்கறவனுக்கு வீசக் கூடாது. பக்கத்துல வர்றவனுக்கு, இல்ல பின்னால வர்றவனுக்குத்தான் வீசணும். பந்தோட ஓடறவனைக் கபடி மாதிரிக் கட்டிப் புடிச்சு சாய்க்கணும். கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில வெச்சா பாயிண்ட். லூசியேன் நடுவுல, எல்லாருக்கும் பந்து பிரிச்சுக் குடுக்கற எடம். நான் ஓரம். ஓரத்துல நிக்கறவன் வேலை ஓடறது. நான் நல்லா ஓடுவேன். எங்க டீம்லயே நான்தான் வேகம், இதை லூசியேனே சொல்லுவான்.

அவன் நடுவுல நின்னு பார்த்துட்டு இருப்பான். எனக்கு வழி தெரியும், கத்துவேன். பிரெஞ்சுல கத்தினா எதிராளிக்கும் புரியும்னு தமிழ்லயே கத்துவேன். "குடு! குடு!"

என் குரல் பெரிய குரல், மாதா கோயில் பாட்டுக் குழுவுல பாடின குரல். மைதானமே திரும்பிப் பாக்கும். லூசியேனும் மொதல் சீசன்ல குடுக்கத்தான் குடுத்தான், இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா குடுக்கறதுலயும் ஒரு நேரம் காலம் இருக்கு இல்ல? ஒரு தடவ நல்ல மழை. ஒரு தடவ வெயில் நேரா கண்ணுல. அந்த ஊர்ல செர்ஸ்னு ஒரு காத்து அடிக்கும், ஆளையே தள்ளும், அதுல ஒரு தடவ நழுவிடுச்சு. இன்னொரு தடவ காத்தும் இல்ல, மழையும் இல்ல, பந்துதான் கோணலா வந்துச்சு. இதையெல்லாம் மனசுல வெச்சுக்கிட்டு ரெண்டாவது சீசன்ல எனக்குக் குடுக்கறதையே கொறைச்சுட்டான். சின்ன மனசு. நான் மட்டும் கத்தறதை நிறுத்தல.

அந்த வருஷம் ஃபைனல் வந்துச்சு. எங்க ஊர் மாதிரிக் குட்டி ஊர் ஃபைனல் வந்ததே பெரிய விஷயம். நாட்டு டீமுக்கு ஆள் எடுக்கறவங்க வந்து உக்காந்திருக்காங்க. அவங்க வந்தது எனக்குப் பெரிசில்ல தம்பி. எங்கப்பா வந்திருந்தாரு. வெள்ளைக்காரனோட சேத்துல பெரள்றதுக்கா உன்னை வளத்தேன்னு கேக்கற மனுஷன், அன்னைக்கு மெடல் குத்தின கோட்டைப் போட்டுக்கிட்டு மொத வரிசையில உக்காந்திருந்தாரு. நல்லதுன்னு ஒரு வார்த்தை அவர் வாயிலருந்து நான் கேட்டதே இல்ல. அன்னைக்குக் கேட்டுடணும்னு இருந்தேன்.

கடைசி நேரம். ரெண்டு பக்கமும் சமமா இருக்கு. லூசியேன் கையில பந்து, நான் ஓரத்துல. எனக்கு முன்னால ஈ காக்கா இல்ல. கோடு அந்தா தெரியுது. ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டுத் தொண்டை கிழியக் கத்தினேன். "குடு! குடுடா!" அவன் திரும்பி என் கண்ணைப் பார்த்தான். வீசப் போற மாதிரி கையையும் கொண்டு வந்தான். அவனை மறிச்சு நின்ன ரெண்டு தடியனுங்க எங்கிட்டதான் பந்து வருதுன்னு என்னைப் பார்த்து ஓடி வந்தானுங்க. லூசியேன் வீசல. பந்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, அந்தத் தடியனுங்க வுட்டுட்டு வந்த சந்துல பூந்து, கோட்டுல போய் விழுந்தான்.

ஜெயிச்சுட்டோம். எல்லாரும் அவன் மேல விழறாங்க. நான் தூக்கின கையை இன்னும் எறக்கல. அந்த ரெண்டு தடியனுங்களும் வந்த வேகத்துல என் மேல மோதி, நான் சேத்துல கெடக்கறேன். அவனுங்க எங்கிட்ட வந்தா என்ன? குடுத்திருந்தா அவனுங்க வந்து சேர்றதுக்குள்ள நான் போயிருப்பேன்.

நான் குளிச்சுட்டு வெளிய வரேன். டிரெஸ்ஸிங் ரூம் வாசல்ல எங்கப்பா நிக்கிறாரு. பக்கத்துல லூசியேன், தலையைக் குனிஞ்சுக்கிட்டு. அப்பா என் தோள்ல கைய வெச்சாரு. "நல்லா கத்தினடா"ன்னாரு.

என்னா சொல்றது? வாழ்க்கையில மொத தடவையா அவர் வாயிலருந்து நல்லான்னு வருது. ஓடினதுக்கு இல்ல, ஆடினதுக்கு இல்ல, கத்தினதுக்கு. அதோட வுட்டாரா? ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு எல்லாரையும் நிறுத்தி நிறுத்திச் சொல்றாரு. என் பையன் கத்தினதாலதான் ஜெயிச்சாங்க, அவன் யோசனைதான் அதுன்னு. யாரு சொன்னாங்களோ அவருக்கு. எனக்கு வெக்கமாப் போச்சு. கொஞ்ச வருஷத்துல அப்பா போயிட்டாரு. நான் கோட்டைத் தாண்டிப் பந்து வெக்கறதை அவரு பாக்கவே இல்ல. அவரு பாக்க வேண்டிய அந்த ஒண்ணை லூசியேன் எடுத்துக்கிட்டான்.

அப்புறம் காத்து அவன் பக்கந்தான். நாட்டு டீமுச் சட்டை போட்டான். ஆஸ்திரேலியா போனான், இங்கிலாந்து போனான். முழங்கால் போச்சு. சரி, முடிஞ்சுதுடா உன் ஆட்டம்னு நான் நெனச்சா, கோச் ஆயிட்டான். கடைசில கெடந்த டீமைத் தூக்கிக் கோப்பை வாங்க வெச்சான். அப்புறம் நாட்டு டீமுக்கே கோச். நான் திராட்சை ரசம் பண்ற சங்கத்துல பீப்பாய் கணக்குப் பார்த்தேன். மோசமில்ல, நல்ல வேலைதான். பிலோமினைக் கட்டினேன். அவ சமையக்கட்டுல மாதா படம் ஒண்ணு மாட்டினா, பக்கத்துல லூசியேன் கோப்பை தூக்கற படம் ஒண்ணு மாட்டினா. அந்தப் படத்துல நான் காதா கூட இல்ல.

அவனை கோச்சா தூக்கி நிறுத்தினது எது தெரியுமா? குடு. நம்ம குடுதான். ஒருத்தன் ஓரத்துல நின்னு 'குடு'ன்னு கத்தணும். எதிராளி அவங்கிட்ட ஓடணும். பந்து வெச்சிருக்கறவன் குடுக்காம உள்ள பூந்துடணும். இதை அவன் பாடமாவே ஆக்கிட்டான். அந்த நாட்டுல எந்த மைதானத்துக்குப் போனாலும் பொடிப்பசங்க 'கூடூ, கூடூ'ன்னு கத்துவானுங்க. ஆப்பிரிக்காவுல கொம்பு முறுக்கின மான் ஒண்ணு இருக்காம், அதுக்கு பிரெஞ்சுல கூடூன்னு பேராம். அதைத்தான் சொல்றாங்கன்னு நெனச்சு ஒரு டீமு சட்டையில மான் படமே போட்டுட்டானுங்க. என் தொண்டையில இருந்து வந்த வார்த்தை தம்பி. அதுக்குக் கொம்பு மொளைச்சுடுச்சு.

பேட்டி கேட்டா லூசியேன் என்ன சொல்லுவான்? இது என் சிநேகிதன் சூரி கண்டுபிடிச்சது, அவனுக்குன்னு எதையும் கேக்காதவன், நான் உள்ள போகணும்னு தனக்கு வேண்டாத பந்தைக் கேட்டுக் கத்தினவன், அவனை மாதிரி தியாகியை நான் பார்த்ததில்லம்பான். கடைத்தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைச்ச கதை. தியாகி பட்டம் கெடைச்சவன் கதி என்னான்னு யாருக்குத் தெரியும்? எங்க சங்கத்துல பதவி உயர்வு வந்துச்சு. சூரிக்கு இதுலயெல்லாம் ஆசை கெடையாதுன்னு வேற ஒருத்தனுக்குக் குடுத்தாங்க. விருந்துல கறி கொஞ்சமா இருந்தா என் தட்டைத் தாண்டிப் போவும். இவருக்கு வேண்டாம், இவரு அப்படிப்பட்டவரும்பாங்க. எப்படி இல்லன்னு சொல்றது? நான் சிரிச்சுட்டு வாழ்ந்தேன்.

அவனுக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தமே தெரியாது, மொத சீசன்ல குடுத்ததுகூட நான் ஓடறதைப் பார்த்துத்தான்னு நெனச்சேன். ஏதோ நான் வித்தைக்குக் கத்தறேன்னு அவனா எடுத்துக்கிட்டான், முட்டாப்பய, அவன் முட்டாள்தனத்துக்கு ஊரு மாலை போடுதுன்னு.

இப்ப விஷயத்துக்கு வரேன். நாங்க பாண்டிச்சேரிக்கே திரும்பி வந்து வருஷமாச்சு. போன மாசம் லூசியேன் வந்தான். இங்க ஒரு கிளப்புல பிள்ளைங்களுக்கு இந்த ஆட்டம் சொல்லிக் குடுக்கக் கூப்பிட்டிருந்தாங்க. எங்க வீட்லதான் தங்கினான். அவனுக்கு வஞ்சிரம் வறுவல், எனக்கு நெத்திலி. கேட்டா, உங்களுக்குத்தான் நெத்திலின்னா ஆசையாச்சேங்கறா பிலோமின். எப்ப சொன்னேன் நான்?

அவனுக்குத் தமிழ் தெரியாது, பிள்ளைங்களுக்கு பிரெஞ்சு தெரியாது. நடுவுல மொழிபெயர்க்க நான். கடற்கரை ஓரத்து மைதானம். எல்லாம் நல்லாத்தான் போச்சு. நேத்து காலையில, இன்னைக்கு உங்களுக்கு என்னோட பெரிய வித்தையைச் சொல்லித் தரேன்னான். சூரி, நீயே ஓரத்துல நில்லு, உன் வித்தைதானேன்னான். நின்னேன். 'கூடூ'ன்னு சத்தம் வந்தா பந்தைக் குடுக்காதீங்க, உள்ள ஓடுங்கன்னு அவன் சொன்னதை நான் தமிழ்ல சொன்னேன். பிள்ளைங்க தலையாட்டிச்சு.

நான் கத்தினேன். பந்து வெச்சிருந்த பையன் எங்கிட்ட வீசிட்டான். இல்ல இல்லன்னு லூசியேன் கையை ஆட்டி, அடுத்த பிள்ளையை நிறுத்தினான். நான் கத்தினேன். அதுவும் வீசிடுச்சு. இன்னொண்ணு, அதுவும். இங்கிலாந்து பிள்ளைங்க கத்துக்கிச்சு, ஆஸ்திரேலியாக்காரன் கத்துக்கிட்டான், பாண்டிச்சேரிப் பிள்ளைங்களுக்கு வரல. லூசியேன் தொப்பியைக் கழட்டித் தலையைச் சொறியறான். எனக்கு உள்ளுக்குள்ள எவ்வளவு சந்தோஷம்கறீங்க.

பவதாரணின்னு ஒரு பொண்ணு, வைத்திக்குப்பம். பந்தை இடுப்புல வெச்சுக்கிட்டு முன்னால வந்தா.

"சார், குடுன்னா குடுக்கணும் இல்ல? அவரு கேக்கறாரு, எப்படிக் குடுக்காம ஓடறது?"

லூசியேன் என்னைப் பார்க்கறான். என்ன சொல்லுது அந்தப் பொண்ணுன்னு கேக்கறான்.

தம்பி, அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் நான் அம்பது வருஷம் காத்துக்கிட்டு இருந்தேன். சொன்னா என் தியாகி பட்டம் போயிடும். போவட்டும். இவன் வித்தைக்கு அடியில என்ன கெடக்குதுன்னு இவனுக்குத் தெரியணும். நல்ல பிரெஞ்சுல நிறுத்தி நிதானமாச் சொன்னேன். குடுன்னா 'எனக்குக் கொடு'ன்னு அர்த்தம். நான் வித்தை காட்டல. பந்தைக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் கேட்டேன். அந்த ஃபைனல்லயும் கேட்டேன். நீ குடுக்கலன்னேன்.

அவன் முகம் சுருங்கும்னு பார்த்துட்டு இருக்கேன். சுருங்கல.

"தெரியும் சூரி," அப்படின்னான்.

எப்படித் தெரியும்னேன். உங்கப்பா சொன்னாருன்னான். அன்னைக்கு நீ குளிக்கப் போனப்ப வாசல்ல வந்து நின்னாரு, மெடல் கோட்டோட. 'என் பையன் பந்தைக் கேட்டான். கையைத் தூக்கிக் கேட்டான். நீ ஏம்ப்பா குடுக்கல'ன்னு கேட்டாரு. கோவமாக் கேக்கல, கெஞ்சற மாதிரிக் கேட்டாரு. அவ்வளவு பெரிய பட்டாளத்துக்காரரு, என்னைப் போயிக் கேக்கறாரு சூரின்னான். "உனக்கு பந்து பிடிக்க வராதுன்னு அவர்கிட்ட நான் எப்படிச் சொல்றது?"

கேட்டீங்களா? பிடிக்க வராதாம். மழையும் காத்தும் அவனுக்கு ஞாபகம் இல்ல.

அதனால ஒரு பொய் சொல்லிட்டேன்னான். அது எங்களுக்குள்ள ஏற்பாடுங்க, சூரி யோசிச்சது, அவன் கத்துவான், நான் குடுக்க மாட்டேன், அவன் இல்லன்னா ஜெயிச்சிருக்க மாட்டோம்னு சொன்னேன். உங்கப்பா நிமிந்து நின்னாரு. ஊர் பூராச் சொன்னாரு. அவர் சொன்னப்புறம் நான் மாத்திச் சொல்ல முடியுமா? எங்க போனாலும் அதையே சொன்னேன். சொல்லிச் சொல்லி, ஒரு நாள் பசங்களை வெச்சுச் செஞ்சு பார்த்தேன், நெசமாவே நல்ல வித்தையா இருந்துச்சுன்னான்.

ரெண்டு கெழவனுங்க புரியாத பாஷையில பேசிக்கிட்டே நிக்கறாங்களேன்னு அந்தப் பொண்ணு பவதாரணி, இந்தாங்க தாத்தான்னு பந்தை எங்கிட்ட வீசினா. கீழ விழுந்துடுச்சு. கடல் காத்து தம்பி, வயசு வேற.

இன்னைக்குச் சாயங்காலம் மேடையில என்னைத்தான் பேசச் சொல்லியிருக்கான். நெசத்தையே சொல்லு சூரி, எனக்கு ஒண்ணும் கொறைஞ்சுடாதுங்கறான். அதுக்குக்கூட அவனுக்கு மனசு இருக்கு பாருங்க. நான் நெசத்தைச் சொன்னா யாரு பொய்யனாவறது? பூசை முடிஞ்சு ஊரை நிறுத்தி வெச்சு என் பையன், என் பையன்னு சொன்னாரே, அவருதான். அதனால ஏறி நின்னு, ஆமா, எனக்குப் பந்து வேண்டாம், அவன் போகட்டும்னுதான் கத்தினேன்னு சொல்லப் போறேன். எல்லாரும் கை தட்டுவாங்க. பிலோமின் கண்ணைத் தொடைச்சுக்குவா. அவன் எந்திரிச்சு வந்து கட்டிப் புடிப்பான்.

அதெல்லாம் போவட்டும். எனக்கு ஒரு விஷயந்தான் தாங்கல. அவனுக்குக் கோப்பை இருந்துச்சு, நாட்டுச் சட்டை இருந்துச்சு, என் வார்த்தை இருந்துச்சு, எங்கப்பா சொன்ன அந்த ஒரு 'நல்லா'கூட அவன் வாங்கிக் குடுத்ததாத்தான் இருந்திருக்கு. எனக்குன்னு இருந்தது ஒண்ணே ஒண்ணு. அவன் திருடன், நான் ஏமாந்தவன்கற நெனப்பு. அதைத் தலைமாட்டுல வெச்சுக்கிட்டு இத்தன வருஷம் நிம்மதியாத் தூங்கினேன் தம்பி. நேத்து அதையும் வாங்கிட்டுப் போயிட்டான்.